அடைக்கலம் சிரித்த படம்

"பார்த்த கண்ணுக்குப் பத்தியம் கிடையாது, கேட்ட காதுக்கு…" என்று என் பெரியப்பா ஒன்று சொல்வார். கேட்ட காதுக்கு என்ன என்பது மறந்துவிட்டது. மருந்து கிடையாது என்பாரோ, மானம் கிடையாது என்பாரோ, 'ம'னாவில்தான் வரும். அவரைக் கேட்கலாம் என்றால் அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

இப்போது எதற்கு இது என்கிறீர்களா? அந்த வளைவில் பஸ் திரும்பும்போது சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்ததே, நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். அவர் பெயர் என்ன, சொல்லுங்கள். தெரியாது. ஆனால் முகம் தெரியும், பெரிய மீசை, நெற்றியில் சந்தனம். அவ்வளவுதான் அண்ணே. யாரும் பெயரைப் படிப்பதில்லை. முகத்தைப் பார்க்கிறார்கள், மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று இருப்பதைப் பார்க்கிறார்கள், மீதியைத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள்.

என் தொழிலே அதுதான். கொத்தங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இன்னும் முக்கால் மணி நேர ஓட்டம் இருக்கிறது, நீங்கள் தூங்குவதாக இருந்தால் தூங்குங்கள். தூக்கம் வரவில்லையா? எனக்கும் பகலில் வராது. இப்போதெல்லாம் எப்போதும் வருவதில்லை.

பத்தாவது வரை தமிழில் படித்தேன், அச்சுத்தொழில் டிப்ளமோ ஆங்கிலத்தில். பிறகு சிங்கப்பூரில் ஒரு பிரஸ்ஸில் பாதி ஆயுசு. ஊரோடு வந்து சேர்ந்து கடை போட்ட மறு வருஷம் கொரோனா வந்தது. ஊரில் எனக்குப் பெயரே 'சிங்கப்பூர்'தான். "சிங்கப்பூரு, நாளைக்குக் காதுகுத்து, ஒரு பேனர் அடிச்சுக் குடு" என்பார்கள். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்ப மாட்டேன்.

இரண்டாவது அலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கம் சித்திரை, வைகாசி. அந்த இரண்டு மாதமும் மிஷின் ஓய்ந்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் போனவர்களை உறையில் சுற்றி நேரே சுடுகாட்டுக்கு அனுப்பினார்களா, பெற்ற பிள்ளைக்கே முகம் காட்டவில்லை. அதனால் என்னவாயிற்று என்றால், போஸ்டர்தான் சாவாகிப்போனது. ஒட்டி முடித்த சுவருக்கு முன்னால் வந்து நின்று அழுதார்கள் அண்ணே. சுவரில் ஆணி அடித்து மாலை போட்டார்கள். மீன்கடைச் சந்தில் ஒரு அம்மாள் தன் புருஷன் படத்தைக் கையால் தடவித் தடவி, பசை ஈரம் காயுமுன்னே மூக்கு அழிந்துபோயிற்று. மறுநாள் வந்து, "தம்பி, இன்னொண்ணு குடு, மூக்கோட" என்றாள். கொடுத்தேன். வேறென்ன செய்வது.

இதெல்லாம் முடிந்து ஆடி மாதம் வாக்கில் ஊசி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. கல்யாண மண்டபத்தில் முகாம். சலேத்மேரி என்று ஒரு நர்ஸ், எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் இருப்பவர், ஊரே 'சிஸ்டர்' என்று கூப்பிடும். நீலப் பெட்டியோடு காலையில் வந்து உட்கார்ந்தார். மத்தியானம் வரைக்கும் வந்தது சமையல்காரரும் வாட்ச்மேனும்தான். சிஸ்டர் நேரே என் கடைக்கு வந்தார்.

"சிங்கப்பூரண்ணே, இந்த கவர்மெண்டு பேனர்ல இருக்கிற டாக்டரை யாருக்கும் தெரியாது. ஊர்க்காரங்க முகமா ஒண்ணு போட்டு அடிச்சுக் குடுங்க."

யார் முகம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. கண்டக்டர் அடைக்கலம். ரிட்டையர் ஆகிவிட்டார், ஆனால் இந்த ரூட்டில் அவரிடம் டிக்கெட் வாங்காத ஆள் கிடையாது. கர்ப்பிணி ஏறினால், "ரெண்டு டிக்கெட்டா, மூணு டிக்கெட்டா தாயி?" என்பார். பஸ்ஸே சிரிக்கும். கூப்பிட்டதும் வந்தார், சட்டைக் கையைச் சுருட்டினார், ஊசி ஏறும்போது, "எடுத்தாச்சு எடுத்தாச்சு, ஏறுங்கப்பா, ரை ரைட்!" என்று வாயைத் திறந்து சிரித்தார். நான்தான் படம் எடுத்தேன். பின்னால் மண்டபத்துப் பச்சைச் சுவர். 'நான் டிக்கெட் எடுத்துட்டேன். நீங்க?' என்று பெரிய எழுத்தில் போட்டு, பஸ் ஸ்டாண்டு சுவருக்கு மேலே கட்டினோம். மூலையில் பஞ்சாயத்துத் தலைவர் கும்பிட்டுக்கொண்டு நிற்பார். அது இல்லாமல் பேனர் ஏறாது.

நம்ப மாட்டீர்கள், அடுத்த முகாமில் வரிசை மண்டபத்தைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. நானும் அன்றைக்குத்தான் போட்டுக்கொண்டேன். கடை என்றால் நாலு பேர் வந்து போகிற இடம், எனக்கு அவசியம் இல்லையா? தெய்வானை அக்காவும் வருவதாகத்தான் இருந்தாள். என் கூடப்பிறந்தவள், என் வீட்டுக்கு அடுத்த வீடு. மச்சான் இல்லை, மகன் இளவழகன் திருப்பூரில் வேலை. சர்க்கரை வேறு அவளுக்கு. அன்று நீலச் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள், வண்டியில் கூட்டிப்போகச் சொல்லி. ஆவணி முகூர்த்தம் தலைக்கு மேலே நிற்கிறது, மூன்று கல்யாண பேனர் பாக்கி. "அடுத்த முகாமுக்குப் போலாங்க்கா, இது என்ன ஓடியா போகுது" என்று சொல்லிவிட்டுப் போனேன். அதை விடுங்கள். சொல்ல வந்தது வேறு.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துகிறீர்களா? தூசி. நன்றி.

சில வாரம் போயிருக்கும். அடைக்கலம் மகளைப் பார்க்க டிவிஎஸ்ஸில் போனவர் பைபாஸில் லாரி மோதி அங்கேயே முடிந்துவிட்டார். லாரிக்காரன் போனில் பேசிக்கொண்டே வந்திருக்கிறான். கேஸ், போலீஸ் எல்லாம் உண்டு. அடக்கம் அவர் சொந்தக் கிராமத்தில், இங்கிருந்து தொலைவு, எங்கள் ஊரிலிருந்து அதிகம் பேர் போகவில்லை. அவர் மகன் கலைவாணன் கடைக்கு வந்தான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அண்ணே, பேனர்ல இருக்குல்ல அந்தப் படம், அதையே போஸ்டருக்குப் போட்டுருங்க. அப்பா அப்படி வாய்விட்டுச் சிரிச்ச படம் வேற ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல."

உங்களிடம் கேட்டால் என்ன செய்வீர்கள்? மாட்டேன் என்பீர்களா? அப்பனைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கிறவனிடம்? படம் என் கம்ப்யூட்டரில் இருந்தது. ஊசி தெரியாதபடி நெஞ்சோடு வெட்டினேன். சுருட்டிய சட்டைக் கை கொஞ்சம் தெரியத்தான் செய்தது. பச்சைச் சுவரை மாற்றியிருக்கலாம், ஆனால் அவசரம், அதோடு அந்தப் பச்சைக்கு அவர் முகம் எடுப்பாக இருந்தது. நல்ல பிரிண்ட் அண்ணே. பல் பல்லாக எண்ணலாம். 'திடீரென எங்களை ஆழ்ந்த துயரில் ஆழ்த்திப் பிரிந்தார்' என்று போட்டேன். எல்லோருக்கும் போடுவதுதான்.

ஒட்டுகிறவன் விடிகாலையில் ஒட்டிவிட்டுப் போய்விட்டான். எங்கே ஒட்டுவான்? கண்டக்டருக்கு பஸ் ஸ்டாண்டில்தானே ஒட்ட வேண்டும். மேலே பேனர், கீழே போஸ்டர். மேலேயும் அதே சிரிப்பு, கீழேயும் அதே சிரிப்பு. மேலே 'நான் டிக்கெட் எடுத்துட்டேன். நீங்க?' கீழே 'கண்ணீர் அஞ்சலி'.

நான் கடை திறக்க வரும்போது ஒரு கூட்டம் நின்றது. எதிர் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஏய்யா சிங்கப்பூரு, ஏத்தி விட்டதும் நீ, இறக்கி விட்டதும் நீயா?" என்றார். சிரித்தார்கள். சிரிப்பெல்லாம் அன்றைக்கு மட்டும்தான். மத்தியான பஸ்ஸில் போனவர்கள் அந்தச் சேதியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்ட கண்டக்டர் செத்துப்போனார். அவ்வளவுதான் சேதி. லாரி அதில் ஏறவே இல்லை.

அடுத்த முகாமில் மண்டபத்து நாற்காலிகள் போட்டது போட்டபடி கிடந்தன. சிஸ்டர் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, அந்தப் போஸ்டரை எடுத்துருங்க."

"சிஸ்டர், செத்தவன் முகத்துல கை வைக்கச் சொல்றீங்களா?"

உங்கள் பக்கத்திலும் அப்படித்தானே? கண்ணீர் அஞ்சலியை யாரும் கிழிப்பதில்லை. ஆடு தின்னலாம், மழை கரைக்கலாம், மனுஷன் கிழிக்கக் கூடாது. கிழித்தால் அந்த வீட்டுக்கும் நமக்கும் ஜென்மப் பகை.

"சரி, பேனரையாவது இறக்குங்க."

"அது பஞ்சாயத்து வச்சது. தலைவர்தான் சொல்லணும்."

தலைவரிடம் போய்க் கேட்டிருக்கிறார். "பேனர்ல என்னம்மா தப்பு? என் படமெல்லாம் நல்லாத்தானே வந்திருக்கு" என்றாராம். சிஸ்டர் திரும்ப என்னிடமே வந்தார்.

"அண்ணே, கடைசியா ஒண்ணு கேக்குறேன். 'சாலை விபத்தில்'னு ரெண்டு வார்த்தை சேர்த்து வேற போஸ்டர் அடிச்சு ஒட்டிருங்க. கலைவாணன்கிட்ட நான் பேசுறேன்."

"கண்ணீர் அஞ்சலியில காரணம் போடுற வழக்கம் இல்லையே சிஸ்டர். அதுவும் அவங்களா வந்து கேட்கணும். நானா எப்படிப் போட முடியும்? நான் அச்சடிக்கிறவன், குடுத்ததைத்தான் அடிப்பேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபமில்லை. அசதி மாதிரி. "நீங்க ரெண்டு பாஷை படிச்சவரு அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, நீலப் பெட்டியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்றிலிருந்து அந்தம்மாள் வீடு வீடாக ஏறினார். வெயில், மழை பார்க்கவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போட்டார், நூறுநாள் வேலை நடக்கிற கண்மாய்க்கரையில் போட்டார், மஞ்சுவிரட்டு மாட்டுக்காரர்களைத் துரத்திப் பிடித்துப் போட்டார். மார்கழி பிறப்பதற்குள் ஊரில் முக்கால்வாசிப் பேர் இரண்டு ஊசியும் முடித்திருந்தார்கள். மிஞ்சியது எங்கள் கீழத்தெருவில் பாதி. அடைக்கலம் குடியிருந்தது எங்கள் தெருவில் இல்லையா, அங்கேதான் பயம் ஊறிக் கிடந்தது.

அக்காவுக்கு நான் எவ்வளவோ சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

"லாரி மோதித்தாங்க்கா செத்தாரு."

"லாரி என்ன நேத்தா ஓடுது? இத்தனை வருசம் ரோட்டுலயே கிடந்த மனுசன், அப்பெல்லாம் மோதாத லாரி ஊசி போட்டப்புறம் எப்படிடா மோதுச்சு? தலை சுத்தியிருக்கும்."

"யாரு சொன்னா தலை சுத்துச்சுன்னு?"

"சொல்லணுமா? அதான் நீயே போட்டிருக்கியே, திடீர்னு போனாருன்னு."

சிஸ்டர் வந்தால் அக்கா காபி போட்டுக் கொடுத்து, பேரன் பேத்தி கதையெல்லாம் பேசி அனுப்பிவிடுவாள். "காபி குடுக்குறீங்க, கையைக் குடுக்க மாட்டேங்கிறீங்களேம்மா" என்று அவர் வாசலில் நின்று சொல்வது என் வீட்டுக்குள் கேட்கும். "கண்டக்டருக்கே டிக்கெட்டைக் கிழிச்சுருச்சு, நான் எதுக்குத் தாயி வரிசையில நிக்கணும்?" என்பாள் அக்கா. இருவரும் சிரிப்பார்கள். ஐப்பசி மழையில் போஸ்டர் கரைந்து தொங்கி, ஆடும் தின்றுவிட்டது. பேனர் காற்றில் கிழிந்துபோனது. சுவரில் ஒன்றுமே இல்லை. அக்காவுக்கு மட்டும் இரண்டும் அங்கேயே இருந்தன.

தை பிறக்குமுன் மூன்றாவது அலை வந்தது. இந்தத் தடவை வீட்டுக்கு வீடு இருமல். எனக்கும்தான். மூன்று நாள் காய்ச்சல், கஷாயம், எழுந்துவிட்டேன். நான் என்ன செய்தேன் என்றால், போன தடவை கறுப்பு மை தீர்ந்து மதுரைக்கு ஆள் அனுப்பி வாங்கின அனுபவம் இருக்கிறதே, முன்கூட்டியே டப்பா டப்பாவாக வாங்கி அடுக்கிவிட்டேன். தொழில் என்றால் அப்படித்தான், யோசித்துத்தான் ஆக வேண்டும்.

வரவே இல்லை அண்ணே. சாவு வரவே இல்லை. இருமிக்கொண்டே பொங்கல் வாழ்த்து பேனருக்கு வருகிறார்கள், மூக்கைச் சிந்திக்கொண்டே பூப்புனித நீராட்டு விழாவுக்கு வருகிறார்கள். வைகாசியில் எந்த வீட்டில் இருமல் கேட்டாலும் அந்த வீட்டுப் போட்டோவைத் தேடத் தொடங்கிய எனக்கு, அது என்னவோ போல இருந்தது. மை டப்பாக்கள் பிரிக்காமலே நின்றன. மை கெட்டுப்போகும், அது வேறு கவலை.

"கிருமிக்கு வீரியம் குறைஞ்சு போச்சு சிஸ்டர்" என்றேன் ஒருநாள்.

"கொஞ்சம் குறைஞ்சிருக்கும். இல்லேங்கல. அப்ப உங்க கீழத்தெருவுல மட்டும் ஏன்ணே குறையல?"

அவர் சொன்னபிறகுதான் யோசித்தேன். அந்த மாதம் எனக்கு வந்த ஒன்றிரண்டு கண்ணீர் அஞ்சலியும் எங்கள் தெருவிலிருந்துதான் வந்திருந்தன. ஊசி போடாத வீடுகள். வடக்குத்தெருவில் ஒரு பெரியவர் மட்டும் இரண்டு ஊசியும் போட்டவர், ஆனால் தொண்ணூறு வயது, ஏற்கெனவே கிட்னி போய் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தார். சிஸ்டர் அதையும் மறைக்காமல் சொன்னார். "இது சாவே வராத மருந்து இல்லண்ணே. அப்படி நான் யாருக்கும் சொல்லல. ஆனா உங்க கடைக்கு வர்ற கூட்டத்தைப் பாருங்க. போன வைகாசியையும் பாருங்க. நான் வேற என்ன சொல்ல?"

அக்காவுக்கு மாட்டுப்பொங்கல் அன்று காய்ச்சல் ஆரம்பித்தது. ஊரெல்லாம் எழுந்து உட்கார்ந்த காய்ச்சல்தானே என்று இருந்தோம். அவளுக்கு மூச்சு இழுத்தது. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். வார்டில் கட்டில்கள் காலி, அண்ணே. போன தடவை தரையில் இடமில்லாத வார்டு. இந்தத் தடவை டாக்டர் கூப்பிட்டதும் வந்தார், ஆக்சிஜன் கேட்டதும் வந்தது, நர்ஸ் பக்கத்திலேயே நின்றார். எல்லாம் இருந்தது.

மாஸ்கை ஒதுக்கிவிட்டு என்னிடம் பேசினாள். "தம்பி, அன்னைக்கு நீலச் சேலை கட்டிக்கிட்டு நின்னேனே." அவ்வளவுதான் சொன்னாள். ஏதோ காய்ச்சல் வேகத்தில் பேசுகிறாள் என்று, "பேசாதக்கா, மூச்சு வாங்குது" என்று மாஸ்கை மாட்டிவிட்டேன். தை அமாவாசைக்கு முதல் நாள் போய்விட்டாள்.

இந்தத் தடவை முகத்தைக் காட்டினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

போஸ்டர் வேறு யார் அடிப்பது? நான்தான் அடிக்க வேண்டும். இளவழகன் திருப்பூரிலிருந்து வந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்றான். உங்களுக்குத் தெரியுமா, நான் இரண்டு மொழியிலும் சாவு அச்சடித்தவன். சிங்கப்பூரில் ஆங்கிலத்தில், இங்கே தமிழில். இரண்டிலும் யாரும் செத்ததே கிடையாது. இயற்கை எய்துவார்கள், இறைவனடி சேர்வார்கள், சிவலோக பதவி அடைவார்கள். அங்கேயும் அப்படித்தான், நிம்மதியாக உறங்கிப்போவார்கள். எத்தனை ஆயிரம் முகம் அடித்திருப்பேன், 'இறந்தார்' என்ற சொல்லை ஒரு தடவைகூட அடித்ததில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

நான் ஒரு வரி அடித்தேன். அவன் படித்தான்.

"என்ன மாமா இது?"

"விவரம்."

"அம்மாவைக் குத்தம் சொல்ற மாதிரி இருக்கு."

"குத்தம் இல்லடா. நாலு பேருக்குத் தெரியட்டும்."

"ஊர்ல எந்த போஸ்டர்லயாச்சும் இப்படிப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"சொந்தக்காரங்க காறித் துப்புவாங்க மாமா. செத்தவங்கள நடுத்தெருவுல நிக்க வச்ச மாதிரி…" திரையிலிருந்து என் பக்கம் திரும்பினான்: "நீங்க மட்டும் போட்டுக்கிட்டீங்கல்ல. அம்மாவ ஏன் மாமா கூட்டிட்டுப் போகல?"

துக்கத்தில் இருக்கிற பிள்ளை, நாலும்தான் கேட்பான். அதற்கெல்லாம் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? பெரியவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அந்த வரியை எடு, 'இறைவனடி சேர்ந்தார்' என்று போடு, நாளைக்கு நம் வீட்டுப் பெண்களைப் பார்க்க வருகிறவன் என்ன நினைப்பான் என்றார்கள். இளவழகன் வெளியே போய் வாசலில் உட்கார்ந்துகொண்டான்.

அக்காவின் படத்துக்குக் கீழே, பெயருக்கு அடுத்த வரியில், 'கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் இறந்தார்' என்று வைத்து, அன்று மத்தியானமே ஊர் முழுக்க ஒட்டச் சொன்னேன்.